நாப்கின் முகாம் நடத்தும் முன்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஏழு பேர் சேர்ந்து ஐம்பதாயிரம் ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். மே 28, மாதவிடாய் சுகாதார நாள் அன்று, வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு முகாம் போட்டு, பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இலவச நாப்கின் கொடுத்து, விழிப்புணர்வுப் பேச்சும் வைக்கலாம் என்பது திட்டம். எந்த நாப்கின் வாங்குவது, நாப்கினுக்குப் பதில் உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிடாய் கப் கொடுக்கலாமா, யாரிடம் அனுமதி கேட்பது என்று மூன்று கேள்விகள். நான்காவதாக, கடைசி வரியில், போகிற போக்கில், "இதனால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் அசல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் மற்ற மூன்றும் வழியிலேயே வந்துவிடும்.

நான் மருத்துவர் இல்லை. செவிலியராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம், கையில் பையும் ரெஜிஸ்டரும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் இரண்டு தெருக்கூட்டமாவது நடத்துகிறேன். ஆகவே தெருவைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நோயைப் பற்றிச் சொல்வதை மட்டும், யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரான பதில்: ஒரு நாள் முகாமாக நடத்தினால் பயன் ரொம்பக் குறைவு. அதே பணத்தை ஒரே தெருவில் ஒரு வருடம் பரப்பிச் செலவழித்தால் நிறையப் பயன் உண்டு. வடசென்னையில் நாப்கின் என்றால் என்னவென்று தெரியாத பெண்ணை நீங்கள் பார்க்கப் போவதில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சுகாதாரமான முறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். காசிமேட்டுப் பெட்டிக்கடையில் "ஒரு விஸ்பர் குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் ஏதோ ஒரு கம்பெனி நாப்கினை எடுத்து, பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு நீட்டுவார். பொருள் தெரியும், கடை தெரியும், மறைத்துக் கொண்டுபோகவும் தெரியும். இதில் எதைப் பற்றி விழிப்புணர்வு ஊட்டப் போகிறீர்கள்?

காசுப் பற்றாக்குறை உண்டு, அதை மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011இல் தமிழக அரசு அறிவித்த புதுயுகம் என்ற இலவச நாப்கின் திட்டம், முதலில் கிராமங்களுக்கு என்று தொடங்கிப் பிறகு நகரத்துக்கும் வந்தது. 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின். வருடத்துக்கு 108. அதாவது மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள், நாளைக்கு நான்கு என்று வைத்தால் இருபது வேண்டும். மீதிப் பதினொன்றுக்குக் கையில் காசு இருக்கும் மாதம் பெட்டிக்கடை, இல்லாத மாதம் பழைய நைட்டியைக் கிழித்த துணி. உங்கள் பணத்தில் நூறு பெண்களுக்கு மாதம் இருபது கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆறு ரூபாய் என்றால் மாதம் 12,000 ஆகும், நான்கே மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் 2019 ஆகஸ்டிலிருந்து நாப்கின் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அங்கே வாங்கினால் அதே பணம் இரண்டு வருடம் வரும். மொத்தமாக வேண்டும் என்றால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்னொன்று, நாப்கினுக்கு இருந்த 12 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை 2018 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். யாராவது வரி சேர்த்துப் பில் போட்டால் ஏமாறாதீர்கள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நாப்கினை எங்கே மாற்றுவது?

நான் பல வருடம் போய்வந்த ஒரு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. அப்பா, அம்மா, ஆயா, இரண்டு பெண்கள், ஒரு பையன். கழிப்பறை பொது. எட்டு வீட்டுக்கு இரண்டு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சணல் கயிறுதான். பெரிய பெண்ணுக்கு அப்போது பதிமூன்று வயது. பீரோ கதவை முழுக்கத் திறந்து சுவரில் சாய்த்தால் மூலையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்குள் நின்று மாற்றுவாள். அந்த நேரம் பார்த்து அம்மா பையனைக் கூப்பிட்டு, "போய் ஒரு காபித்தூள் பாக்கெட் வாங்கிட்டு வா" என்பார். அந்த வீட்டு அலமாரியில் இரண்டு ரூபாய்க் காபித்தூள் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். காபி குடிக்கிறவர் ஆயா ஒருவர்தான். அவர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தப் பெண் காலையில் ஏழரைக்கு வைத்த நாப்கினோடு பள்ளிக்கூடம் போய், அங்கே கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் அப்படியே இருந்து, சாயந்தரம் ஐந்து மணிக்கு வந்துதான் மாற்றுவாள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், பரீட்சையில் எழுதச் சொன்னால் சரியாக எழுதுவாள். தொடை இடுக்கில் புண்ணாகி, நடக்க முடியாமல் வந்தபோது நான் கொடுத்த களிம்பு இரண்டு வாரத்துக்கு வேலை செய்தது, அவ்வளவுதான். பிறகு அந்தப் பொதுக் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள், கதவுக்குப் பின்னால் பை மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள ஒரு பக்கெட், ஒரு மக், ஒரு பல்பு வாங்கிக் கொடுத்தோம். கொக்கியைக் கேட்டது அந்தப் பெண்தான். எனக்கு அது தோன்றியே இருக்காது. ஈரத் தரையில் பையை எங்கே வைப்பது, வாயில் கவ்விக்கொண்டா மாற்றுவது என்று கேட்டாள். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

அடுத்தது, கழற்றியதை எங்கே போடுவது? மூன்று பெண்கள் உள்ள வீட்டில் மாதம் அறுபது நாப்கின் சேரும். பகலில் எடுத்துக்கொண்டு வெளியே போக முடியாது. கவரில் கட்டி பரண் மேல் வைத்து, இருட்டிய பிறகு போய்க் கால்வாயில் எறிவார்கள். இல்லையென்றால் கழிப்பறைக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் டிரெயினேஜ் அடைத்துக்கொண்டு நான்கு மாடியும் சண்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அடைப்பில் பாதி என்னவென்று தெரியும். குப்பை வண்டியில் போட்டால் மட்டும்? இந்தப் பக்கத்துக் குப்பை எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் கொடுங்கையூர். அதற்கு முன்னால் அது ஒருவர் கை வழியாகப் போகிறது.

ஒரு கூட்டத்தில், பேச யாரும் கிடைக்காமல், அந்தத் தெருவில் குப்பை எடுக்கும் அக்காவையே கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. "நீங்க முடிச்சு போட்டு குடுக்குற கவரை நான் கையாலதாம்மா அவுக்குறேன். உள்ள சோறு இருக்கா, அது இருக்கான்னு அவுத்தாத்தான தெரியும்?" என்றார். கூட்டம் கப்சிப். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கொடுக்கிறார்கள். சிவப்புப் புள்ளி புனேயில் குப்பை எடுக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பு கொண்டுவந்த யோசனை, நான் கடன் வாங்கினேன். 2016 திடக்கழிவு விதிகளிலேயே நாப்கினைப் பத்திரமாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும், அதற்கான உறையைத் தயாரிக்கும் கம்பெனியே தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். விதி விதியாகவே இருக்கிறது. நீங்கள் நாப்கின் கொடுத்தால் கூடவே பழைய செய்தித்தாளும் ஒரு சிவப்புப் பேனாவும் கொடுங்கள். இரண்டாயிரம் நாப்கின் கொடுப்பவர் இரண்டாயிரம் குப்பைக்கும் பொறுப்பு.

எரியூட்டும் இயந்திரம் வாங்கித் தரலாமா என்று யாராவது உங்கள் குழுவில் கேட்பார்கள், எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பார். பிளாஸ்டிக் கலந்த நாப்கினை எரிக்க 800 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதற்குக் கீழே எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுப் புகை வரும் என்பது உறுதியான விஷயம். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி அந்தச் சூட்டைத் தொடுகிறதா என்பதுதான் சந்தேகம். நான் பார்த்தவற்றில் பாதி, கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்தே கிடந்தன. மீதி புகைந்தன. வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, தாழ்ப்பாளும் கொக்கியும் போட்டாயிற்று, இனிப் பேச்சு. விழிப்புணர்வுப் பேச்சு என்றால் நாற்பது நிமிஷம் கர்ப்பப்பைப் படம் காட்டுவது என்று நினைக்காதீர்கள். எது சாதாரணம், எது இல்லை என்று சில அளவுகள் சொன்னால் போதும். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாளைக்கு ஒருமுறை வருவது சாதாரணம். வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடம் 45 நாள் வரை தள்ளிப்போவதும் சாதாரணம். ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனால், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பத்து ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டி கட்டியாகப் போனால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பதினைந்து வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலும், மாதவிடாய் அடியோடு நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி ஒரு சொட்டு பட்டாலும் போக வேண்டும். இந்தக் கடைசியை அழுத்திச் சொல்லுங்கள். அது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் "மறுபடி வயசு திரும்புது" என்று கேலி பேசி விட்டுவிடுகிறார்கள்.

காசிமேட்டில் ஒரு அக்கா. விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய், அன்னக்கூடையில் மீன் எடுத்து, பத்து மணிவரை விற்கிறவர். என் கூட்டத்துக்கு நான்கு முறை வந்தார். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. நான்காவது முறை, எல்லோரும் போன பிறகு, என்னோடு சேர்ந்து பாய் மடித்தார். மடித்துக்கொண்டே, "சிஸ்டர், மாசத்துல பன்னண்டு நாள் போவுது, ஒரு வருசமா. நிக்கப்போற வயசுல அப்படித்தானாமே?" என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள். ஹீமோகுளோபின் 6.2 இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அந்த ஆஸ்பத்திரி பிரசவத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், மற்றப் பெண்கள் நோய்களுக்கும் அங்கே பார்ப்பார்கள். ரத்தம் ஏற்றி, பிறகு வைத்தியம் நடந்தது. நாப்கின் கொடுத்துவிட்டு நான் முதல் நாளே கிளம்பியிருந்தால் இந்த அக்கா இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

ரத்தசோகையைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நாப்கின் எண்ணிக்கையில் முதல் வரிசையில் நிற்கிற நாம் இதில் அப்படி இல்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற பிள்ளைகளை நான் பிடித்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு போடு, கறுப்பாகப் போவது ஒன்றும் தப்பில்லை, மாத்திரையோடு டீ குடிக்காதே. இந்த மூன்று வாக்கியத்தை யாராவது பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேர் விழுங்குகிறார்கள்.

வலி மாத்திரை பற்றியும் கேட்பார்கள். வயிற்றுவலிக்குக் காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு. மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அது சுரப்பதையே குறைப்பதால் நன்றாகக் கேட்கும். சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கும்போதே போட வேண்டும். குடல்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தானாக வாங்கிப் போடக் கூடாது. மெஃபனாமிக் அமிலத்தால் சிலருக்கு அரிதாகத் தோல் தடிப்பு, காய்ச்சலோடு கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது. மாதா மாதம் எழுந்து நிற்க முடியாத வலி என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் பத்து வருடம் "பொம்பளைன்னா அப்படித்தான்" என்ற பேச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஆடி மாதம் வந்தால் வேறொரு மாத்திரை. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கூழ் ஊற்றுவது, தீ மிதிப்பது. தேதி இடிக்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் "தள்ளிப்போற மாத்திரை" வாங்கிப் போடுகிறார்கள். அது நாரெதிஸ்டிரோன், ஹார்மோன் மாத்திரை. மருத்துவர் பார்த்து எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. சீட்டு இல்லாமல், காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்களும் கடுமையான ஒற்றைத் தலைவலிக்காரர்களும் போடுவதுதான் எனக்குப் பயம். கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போக மாட்டேன். "அம்மனும் பொம்பளைதான, ஒரு மாசம் தள்ளிக் கும்பிட்டா கோச்சிக்க மாட்டா" என்பேன். சிரிப்பார்கள், சிலர் கேட்பார்கள்.

தீட்டு பற்றிப் பேசும்போது வெளியிலிருந்து வருகிறவர்கள் செய்கிற தப்பு, எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரே மூட்டையில் கட்டுவது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் புட்டும் கொடுப்பது நல்ல சாப்பாடு, அதை ஏன் எதிர்க்க வேண்டும்? பச்சை முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கிருமி இருக்கும். தாய்மாமன் சீர், பந்தல், தெருமுனையில் அவள் படத்தோடு பேனர், இதெல்லாம் எங்கள் பக்கம் பெரிய கௌரவம். அந்தப் பேனரைப் பார்த்துக் கூனிக் குறுகிப் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அலங்காரம் செய்துகொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவளைக் கேளுங்கள் என்பதுதான் அம்மாக்களிடம் நான் சொல்வது. தனித் தட்டு, தனிப் பாய், மூலையில் ஒதுக்குவது வேறு விஷயம், அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், மாதவிடாய் என்பதற்காக எட்டாம் வகுப்புப் பெண்ணை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்த செய்தி வந்ததே, அதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது முதலில் கோபப்பட்டவர் மருமகளைத் தனிப் பாயில் படுக்கவைக்கும் ஒரு மாமியார்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மருமகள் சொன்னாள்.

இனி, மேடையில் உறுதியாகச் சொல்லக் கூடாத சில விஷயங்கள். "துணி வைத்தால் கர்ப்பப்பை கெட்டுவிடும்" என்று சொல்லாதீர்கள். சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பருத்தித் துணியில் குற்றம் இல்லை. ஈரமாக, கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காயவைத்ததுதான் பிரச்சினை. ஒரே அறை வீட்டில் வெயில் எங்கே என்பது மறுபடி இடப் பிரச்சினையில் கொண்டுபோய் விடுகிறது. "நாப்கினால் கேன்சர் வரும்" என்பதும் அப்படியே. சில நாப்கின்களில் தாலேட் போன்ற ரசாயனங்கள் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவு உடம்புக்குள் போய் நோய் தருகிறதா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. "நாப்கின் கொடுத்தால் பெண்கள் பள்ளியை விட்டு நிற்க மாட்டார்கள்" என்பதை நன்கொடைக் கடிதங்களில் எல்லோரும் எழுதுகிறார்கள். நேபாளத்தில் கப் கொடுத்து ஆராய்ந்தபோது, மாதவிடாயால் பிள்ளைகள் தவறவிட்டது 180 நாளில் அரை நாள்கூட இல்லை என்று வந்தது, கப்பினால் வருகையும் மாறவில்லை. எங்கள் பக்கம் பெண் பிள்ளை படிப்பை நிறுத்துவது தம்பியைப் பார்த்துக்கொள்ளவும், அப்பா குடியாலும், சீக்கிரம் கல்யாணம் பேசுவதாலும். ஸ்கேன் எடுத்துவிட்டுப் பதினாலு வயதுப் பிள்ளைக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று முத்திரை குத்தியதை யாராவது காட்டினால், வயதுக்கு வந்த முதல் எட்டு வருடம் ஸ்கேனை வைத்து அதை முடிவுசெய்யக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதலே சொல்வதை எடுத்துச் சொல்லி, நல்ல மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கப் கொடுக்கலாமா? பொருள் அருமையானது. ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும், குப்பை இல்லை. கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் ஐயாயிரம் கப் கொடுத்து, பயிற்சியும் தந்து, நல்ல பலன் பார்த்தது. அந்தப் பயிற்சிதான் முக்கியம். இங்கே மாதா மாதம் அதைக் கொதிக்கவைக்க ஒரு தனிப் பாத்திரம் வேண்டும். மாமியார் சமைக்கும் அதே அடுப்பில், அதே அறையில், எல்லோர் கண் முன்னாலும். அது தவிர, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனதும் கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் வைத்துக்கொண்ட பெண்கள் இங்கே நிறைய. கப்பை இழுக்கும்போது காப்பர்-டி நழுவ வாய்ப்பு உண்டு, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. முகாமில் மேஜை மேல் அடுக்கிவைத்து விநியோகம் செய்யாதீர்கள். ஆறு மாதம் போன பிறகு தானாகக் கேட்கிற ஐந்து பேருக்குக் கொடுங்கள். நான் கொடுத்ததில் நிலைத்தது அப்படிக் கேட்டு வாங்கியவர்களிடம்தான்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்த நேரம். நாங்கள் ஒரு ஆட்டோ நிறைய நாப்கின் கொண்டுபோனோம். ஜட்டி கொண்டுபோகவில்லை. உடுத்திய நைட்டியோடு வெளியே வந்த பெண்கள் நாப்கினை எதில் ஒட்டுவார்கள்? ஒரு ஆயா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத வச்சிக்க ஒண்ணு குடுப்பியா கண்ணு?" என்று கேட்டார். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். எதற்கு ஆயா என்றேன். இருமினால் சிறுநீர் கசிகிறதாம், மூன்று பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை அடி இறங்கியிருக்கிறது, இருபது வருடமாகத் துணி வைக்கிறார். மாதவிடாய் நின்றவர்களை நாங்கள் கூட்டத்துக்கே அழைத்ததில்லை. இப்போது அழைக்கிறோம்.

அனுமதி எளிது. அந்த வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அவருடைய செவிலியரும் அங்கன்வாடி அம்மாவும் மகளிர் குழுத் தலைவியும் சேர்ந்தால் தெரு திறந்துவிடும். பள்ளிக்குள் போவதென்றால் கல்வித்துறை அனுமதி தனியாக வேண்டும், தலைமையாசிரியர் சொல்வார். கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்குக்கூட யாராவது கேள்வி கேட்பார்கள். ஆண்களை ஒதுக்காதீர்கள். காபித்தூள் வாங்கப் போன அந்தப் பையன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், மனைவிக்கு அவனே நாப்கின் வாங்கிக்கொண்டு போகிறான், கறுப்புக் கவர் வேண்டாம் என்கிறான். போட்டோ எடுக்காதீர்கள். பேனர் வைக்காதீர்கள். நாப்கின் வாங்கும் கையைப் படம் பிடித்துப் போட்டால் அடுத்த மாதம் அந்தக் கை வராது.

தேதியையும் மாற்றுங்கள். மே 28 உலகத்துக்குச் சரி, காசிமேட்டுக்குச் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, ஆண்கள் எல்லோரும் வீட்டிலும் தெருவிலும் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள், கையில் காசு இருக்காது, பள்ளியும் விடுமுறை. பெண்கள் வந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். ஜூலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், அன்றுதான் மீன் வியாபாரம் உச்சம். வாரநாளில் மதியம் மூன்று மணிக்கு மேல், மீன் விற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரம் நல்லது. நாற்காலி போடாதீர்கள், பாய் கொண்டுபோங்கள். கூட்டம் முடிந்ததும் அதைச் சட்டென்று சுருட்டிக்கொண்டு கிளம்பாமல், மெதுவாக, ஒவ்வொன்றாக மடியுங்கள். கூட மடிக்க யாராவது வருவார்கள்.